மாமனாருக்கு மூன்று கரண்டி

நான் ஒருவரைக் கொன்றிருக்கிறேன். தொலைக்காட்சியில் காட்டினார்கள். பிறகு மறு ஒளிபரப்பும் போட்டார்கள். கொல்லப்பட்டவர் என் மாமனார்.

அப்போது அவர் இன்னும் மாமனார் ஆகவில்லை. அதுதான் பிரச்சினை.

எனக்கு எழுத்து பெரிதாக வராது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. (நான் அதை விட்டு ஓடவில்லை. சண்டை வந்தபோது பள்ளிக்கூடம் ஒரு பக்கம் இடம்பெயர்ந்தது, நான் வேறு பக்கம் இடம்பெயர்ந்தேன்.) பேச்சும் வராது. யாராவது ஏதும் கேட்டால் "ஓம்" என்பேன். இல்லை என்று சொன்னால் ஏன் இல்லை என்று சொல்லவேண்டி வரும். ஓமுக்கு விளக்கம் தேவையில்லை. நடந்ததை எழுதி வைக்கும்படி என் மனைவி கேட்டபோதும் ஓம் என்றுவிட்டேன். ஆகையால் எழுதுகிறேன்.

முல்லைத்தீவுப் பக்கம் உடையார்கட்டில் எனக்குக் கொஞ்சம் வயல், ஒரு லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம், ஒரு அக்கா. தாய் தகப்பன் இல்லை. எங்கள் இரண்டு பேருக்குமாகச் சேர்த்து பவானி அக்காவே பேசுவார். எனக்கு முப்பத்தொரு வயதானபோது வற்றாப்பளையில் ஒரு பெண் இருப்பதாகக் கண்டுபிடித்தார். பெயர் தர்சினி. சாதகக் குறிப்புப் பொருந்தியது. கோயிலில் வைத்து ஒருதரம் பெண்ணைப் பார்த்தேன். "பிடிச்சிருக்கோடா?" என்று அக்கா கேட்டார். ஓம் என்றேன்.

அது மற்ற ஓம் மாதிரி இல்லை. ஆனால் அதை அக்காவுக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

பெண் வீட்டில் மட்டும் ஒரு முடிவும் சொல்லவில்லை. பெண்ணின் தகப்பன் கனகர் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். "பொடியன் ஒண்டும் கதைக்கிறான் இல்லை. உள்ளுக்கை என்ன கிடக்கெண்டு தெரியேல்லை. கொஞ்சம் பொறுங்கோ" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

அந்த நேரத்தில்தான் கஜன் வந்தான்.

கஜன் யாழ்ப்பாணத்துப் பையன். இயக்குநர். ஒரு வான் வண்டியில் கமராவும் நாலைந்து ஆட்களுமாக வந்து, எங்கள் ஊரில் வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் பூட்டி வைத்திருந்த பெரிய பழைய வீட்டை எடுத்துக்கொண்டான். அறுபது வருடத்துக்கு முந்திய ஒரு துப்பறியும் நாவலைத் தொலைக்காட்சி நாடகமாக எடுக்கப்போகிறானாம். புத்தகத்தை அவன் பிள்ளையைத் தூக்குகிற மாதிரித் தூக்கி வைத்திருந்தான். அட்டை கிழிந்திருந்தது. அதனால் பெயர் எனக்குத் தெரியாது.

கதை இதுதான். ஒரு பணக்கார முதலாளி. வீட்டில் டொக்டர், கணக்குப்பிள்ளை, சமையல்காரி, வேலைக்காரன் என்று கொஞ்சப்பேர். ஒருநாள் முதலாளி தேநீர் குடித்துவிட்டுச் சாகிறார். நஞ்சு. போட்டது யார்? கொழும்பிலிருந்து துப்பறிவாளர் வந்து கண்டுபிடிக்கிறார்.

புத்தகத்தில் இதெல்லாம் நடப்பது மலைநாட்டில். பனிமூட்டம், குளிர், அடுப்பங்கரையில் நெருப்பு. உடையார்கட்டில் பனி இல்லை. வைக்கோல் இருந்தது. ஈர வைக்கோலைக் கொளுத்தினால் நல்ல புகை வரும் என்று யாரோ கஜனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். வைக்கோல் ஏற்ற என்னைக் கூப்பிட்டார்கள். இப்படித்தான் நான் கலைத்துறைக்குள் நுழைந்தேன்.

முதல் நாள் துப்பறிவாளர் கறுப்புக் காரில் வந்து இறங்கவேண்டும். கார் தருவதாகச் சொன்னவர் தரவில்லை. கஜன் கொஞ்ச நேரம் தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தான். பிறகு துப்பறிவாளர் என் லான்ட்மாஸ்டர் பெட்டியில் ஏறி வந்து இறங்கினார். கணுக்கால்வரை கோட்டு. தொப்பி. கழுத்தைச் சுற்றிக் கம்பளி. அன்றைய வெயிலில் காகம்கூட மரத்தை விட்டு இறங்கவில்லை. அவர் என் புகைக்குள் நின்று, "இந்தக் கடுங்குளிரில் ஏதோ ஒரு மர்மம் உறைந்து கிடக்கிறது" என்றார். சொல்லிவிட்டு விழுந்தார். தண்ணீர் தெளித்தோம்.

அவரைத் தூக்கி விறாந்தையில் கிடத்தியது நான். தூக்கிவிட்டுச் சுவரோடு நின்றேன். கஜன் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"அண்ணை, நீங்கள் வந்ததிலயிருந்து ஒரு சொல்லும் கதைக்கேல்லை, என்ன?"

"ஓம்."

"நடிக்கிறீங்களோ? வேலைக்காரன் பாத்திரம். வசனம் இல்லை. சும்மா நிண்டாக் காணும்."

"ஓம்."

சும்மா நிற்பதற்கு ஆள் தேடுகிறார்கள் என்றால் எனக்குத் தெரிந்த ஒரே தொழில் அதுதான்.

அக்கா இந்தச் செய்தியை மாலைக்குள் வற்றாப்பளைவரை கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். மாப்பிள்ளை நடிகர் என்றால் ஒரு மதிப்பு வரும் என்பது அவருடைய கணக்கு. மதிப்பு வரவில்லை. கனகர் வந்தார்.

மறுநாள் காலை மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கி, மீசையைத் தடவிக்கொண்டு, வீட்டைச் சுற்றிப் பார்த்தார். அவர் இளவயதில் கூத்தில் ராசா வேடம் கட்டியவர். அந்த ராசா இன்னும் முழுதாகக் கழலவில்லை. "ஆர் தம்பி இஞ்சை பொறுப்பு?" என்று அவர் கேட்ட குரலில் கஜன் திரும்பினான். முதலாளி பாத்திரத்துக்கு வரவேண்டியவர் காய்ச்சல் என்று யாழ்ப்பாணத்திலேயே நின்றுவிட்டார். கனகருக்கு அரை மணித்தியாலத்தில் வெள்ளை வேட்டி கட்டிவிட்டார்கள்.

வேட்டியோடு என்னிடம் வந்தார்.

"மாப்பிள்ளை எண்டு நான் இன்னும் சொல்லேல்லை. விளங்குதே?"

"ஓம்."

"நான் பஸ் ஓடின ஆள். ஒரு வாகனத்தைக் கொஞ்சத் தூரம் ஓடிப் பாத்தாத்தான் அதின்ர குணம் தெரியும். ஒரு கிழமை உம்மோட நிக்கப்போறன். பாப்பம்."

"ஓம்."

"வேற சொல்லே தெரியாதோ உமக்கு?"

யோசித்தேன். "தெரியும்" என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

ஆக, ஊருக்கு அது படப்பிடிப்பு. எனக்கு அது பெண்பார்க்கும் சடங்கு. பார்க்கப்பட்டது நான்.

கஜனிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. கொலைகாரன் யார் என்று ஒருவருக்கும் சொல்லமாட்டான். தெரிந்தால் முகத்தில் தெரிந்துவிடுமாம். நடிப்பு இயல்பாக இருக்காதாம். புத்தகத்தை வானுக்குள் வைத்துப் பூட்டியிருந்தான்.

இது கொழும்பில் சரிவரும். எங்கள் பக்கம் சரிவராது. இங்கே ஒருவன் திரையில் செய்தது திரையோடு போகாது. பெண் கொடுக்கல் வாங்கல், கடை, கோயில் எல்லாவற்றுக்கும் அது கூடவே வரும்.

முதலில் வந்தவர் ரவூப் நானா. முல்லைத்தீவுப் பட்டினத்தில் தேநீர்க்கடை வைத்திருப்பவர். கண்ணாடி போட்டால் படித்தவர் மாதிரி இருப்பார் என்று டொக்டராகப் போட்டிருந்தார்கள். நான் வைக்கோலுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். கஜனைத் தனியாகக் கூப்பிட்டு வந்து எனக்குப் பக்கத்திலேயே நின்று பேசினார். (நான் நிற்கும் இடத்தை எல்லோரும் தனியான இடம் என்றே நினைப்பார்கள்.)

"தம்பி, டொக்டர்தான் கொலைகாரனோ?"

"அதைச் சொல்ல ஏலாது நானா."

"இடம்பெயர்ந்து போன புத்தளத்தில இருந்து திரும்பி வந்து, காணி துப்புரவாக்கி, கடையைப் போட்டு, இப்பத்தான் சனம் பழகியிருக்கு. தேத்தண்ணிக்குள்ள நஞ்சு போட்டது நானெண்டு ரீவியில காட்டினா நாளைக்கு என்ர கடையில ஆர் குடிக்கிறது?"

"நானா, உது நடிப்பு."

"எனக்குத் தெரியும். விடிய வந்து பிளேன்ரீ கேக்கிறவனுக்குத் தெரியுமே?"

கஜனின் முகம் கறுத்தது. புத்தகத்தில் உண்மையிலேயே டொக்டர்தான் கொலைகாரன் என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. "சரி நானா, நீங்களில்லை" என்று கையில் அடித்துச் சத்தியம் பண்ணினான்.

அடுத்தது சமையல்காரியாக நடித்த ராணி அக்கா. அவர் உண்மையிலும் கலியாண வீடுகளுக்குச் சமைக்கிறவர். "ஆவணியில எனக்கு வரிசையாக் கலியாணம் கிடக்கு. நஞ்சு வைச்சவள் எண்டு பேர் வந்தா ஆர் என்ர சாம்பாரைத் தொடுவினம்? சொல்லிப்போட்டன் தம்பி, நான் இப்பவே போறன்." அவருக்கும் சத்தியம்.

பிறகு கணக்குப்பிள்ளையாக நடித்த தருமர். கோயில் நிர்வாகத்துக்குப் பொருளாளராக இருக்கிறவர். அவர் நியாயமாகப் பேசினார். "தம்பி, கொலை செய்தாலும் பரவாயில்லை. ஆவேசத்தில செய்தது எண்டு விடுவினம். காசுக்காகச் செய்தது எண்டு மட்டும் வந்திடக் கூடாது." புத்தகத்துக் கணக்குப்பிள்ளைக்குக் கொலை செய்யக் காசைத் தவிர வேறு காரணமே இல்லை. அவருக்கும் சத்தியம்.

மூன்று பேரும் கேட்டதை நான் காதால் கேட்டேன். மூன்று பேருக்கும் அவன் இல்லை என்று சொன்னதையும் கேட்டேன். வீட்டில் மிச்சம் இருந்தது வேலைக்காரன் ஒருவன். எட்டாம் வகுப்புப் படித்தவனுக்கு இந்தக் கழித்தல் கணக்கு வரவேண்டும். எனக்கு வரவில்லை. வைக்கோல் ஒழுங்காகப் பற்றவில்லை என்ற கவலையில் இருந்தேன்.

அன்று பின்னேரம் தேநீர்க் காட்சி எடுத்தார்கள்.

"அண்ணை, இந்த ரின்னுக்குள்ளயிருந்து அள்ளி தேத்தண்ணிக்குள்ள போடுங்கோ. போட்டிட்டு ஒருக்கா யன்னலைப் பாருங்கோ. அவ்வளவுதான்" என்றான் கஜன்.

அந்தத் தகர ரின்னுக்குள் சீனி இருந்தது. குவியக் குவிய மூன்று கரண்டி போட்டேன். யன்னலைப் பார்த்தேன். யன்னலில் ஒரு ஆடு நின்றது. கஜன், "அருமை அண்ணை, அந்தப் பார்வை!" என்றான். ஏன் என்று கேட்கவில்லை. (கேட்டிருக்கலாம்.)

அடுத்தது கனகர் குடித்துவிட்டுச் சாவது. கஜன் வெறுங்கோப்பையைக் கொடுத்தான். கனகர் அதைக் கவிழ்த்துப் பார்த்தார்.

"இதென்ன தம்பி?"

"குடிக்கிற மாதிரிச் செய்தாக் காணும் ஐயா."

"கூத்தில கிரீடம் அட்டை. வாள் தடி. அதெல்லாம் நான் பொறுத்தனான். வெறுங்கோப்பையைக் குடிச்சுச் சாக என்னாலை ஏலாது. தேத்தண்ணி எண்டாத் தேத்தண்ணி." பிறகு என் பக்கம் திரும்பிக் குரலைத் தணித்தார். "கமராவுக்குப் போட்டீரே, அதே மாதிரிப் போடும்." மூன்று விரலைக் காட்டினார்.

போட்டேன். குடித்தார். கண்ணை மூடினார். அவர் முகத்தில் வந்த ஆனந்தத்தை நான் கோயிலில்கூடக் கண்டதில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார்.

"அருமை ஐயா!" என்றான் கஜன்.

கனகர் எழும்பினார். "சரிவரேல்லை. கண் சொருகேல்லை. இன்னொருக்கா எடுப்பம்."

இன்னொருதரம் எடுத்தார்கள். கால் இழுக்கவில்லை என்றார். பிறகு கோப்பை விழுந்த விதம் சரியில்லை என்றார். பிறகு பின்னால் காகம் கத்தியது என்றார். ஒவ்வொரு தடவையும் புதுத் தேநீர். ஒவ்வொரு தடவையும் மூன்று விரல். மனிதர் கலையில் இவ்வளவு கவனமானவரா என்று நான் வியந்தேன். அவருக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, இருக்கிறது என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. நானும் ஒருவரையும் ஒன்றும் கேட்கிறவன் இல்லை.

அடுத்த நாள் செத்தவீடு. கனகரை நடு வீட்டில் கிடத்தி, தலைமாட்டில் விளக்கு வைத்தார்கள். படுக்கமுன் தொண்டை காய்கிறது என்று என்னிடம் ஒரு கோப்பை கேட்டு வாங்கிக் குடித்தார். மூன்று விரல். பிறகு மூக்கில் பஞ்சு வைத்தார்கள்.

அழுவதற்கு ஊர்ப் பெண்களைக் கூப்பிட்டிருந்தார்கள். சிரித்துச் சிரித்துத்தான் வந்து இருந்தார்கள். ஒருத்தி கனகரின் வயிறு ஏறி இறங்குவதைக் காட்டி மற்றவளை இடித்தாள். கஜன் தொடங்கச் சொன்னான். முதலில் ராணி அக்கா குரலை எடுத்தார். பிறகு மற்றவர்கள். கொஞ்ச நேரத்தில் கஜன் "கட்" என்றான். ஒருவரும் நிறுத்தவில்லை. இன்னொருதரம் சத்தமாகச் சொன்னான். அவர்கள் யாருக்காக அழுதார்களோ அவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக வெளியே வரத் தொடங்கின. சண்டை நேரத்தில் அழ முடியாமல் போன பெயர்கள். பெண்களோடு வந்து இருந்த பவானி அக்கா எங்கள் அம்மாவின் பெயரைச் சொல்லி அழுதார். கமராப் பையன் கமராவைக் கீழே வைத்துவிட்டான். துப்பறிவாளர் தொப்பியைக் கழற்றினார்.

முடிந்தபிறகு எல்லோரும் கிணற்றடியில் முகம் கழுவினார்கள். தேநீர் குடித்தார்கள். "இன்னொருக்கா எடுக்கோணுமோ தம்பி?" என்று ராணி அக்கா கேட்டார். கஜன் வேண்டாம் என்றான். அந்தக் காட்சி ஒரே தடவைதான் எடுத்தது.

ஆனால் அதில் ஒரு பிழை இருந்தது. பெண்கள் குரல் எடுத்த புதிதில் பிணம் உதட்டை நக்கியது. மெதுவாக, இடமிருந்து வலமாக. நான் கண்டேன். என்னைத் தவிர ஒருவரும் காணவில்லை என்று நினைத்தேன்.

கடைசி நாள் எனக்கு வேலை ஒன்றும் இல்லை. புகைக்குப் பக்கத்தில் நின்று இருமிக்கொண்டிருந்தேன். கஜன் அதைக்கூட எடுத்தான். "சும்மா கிடக்கட்டும் அண்ணை" என்றான்.

வான் போனது. கனகர் போகும்போது என் தோளில் தட்டினார். "படம் முடியட்டும். கடைசிப் பாகம் எங்கட வீட்டில இருந்து பாப்பம். அண்டைக்கு முடிவு சொல்லுறன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாடகம் போகத் தொடங்கியது. இடையில் ஒருநாள் அக்கா ஓடி வந்தார்.

"எடேய், வற்றாப்பளையில பெரிய பிரச்சினை. கனகருக்குச் சீனி ஏறிப்போச்சாம். கிளினிக்கில மருந்தைக் கூட்டிப்போட்டாங்களாம். வீட்டில மனிசி ஒரு பொட்டுச் சீனி குடுக்கிறதில்லை. ஆரோ வெளியில குடுக்கிறாங்களெண்டு அவா தேடித் திரியிறா."

"ஆருக்குச் சீனி?"

"கனகருக்கு. வருசக்கணக்கா. உனக்குத் தெரியாதே?"

நான் வைத்திருந்த மண்வெட்டியைக் கீழே வைத்தேன்.

கனகரின் மனைவியைப் பற்றி அதுவரை எனக்கு ஒன்றும் தெரியாது. பிறகு தெரிந்தது. கஜனின் துப்பறிவாளர் அவரிடம் படிக்கவேண்டும். முதலில் கோயில் பஞ்சாமிர்தத்தைச் சந்தேகித்தார். பிறகு தர்சினியின் அலுமாரியைத் திறந்து பார்த்தார். பிறகு பஸ் ஏறி முல்லைத்தீவுக்கே போய் ரவூப் நானாவை விசாரித்தார். "அல்லா அறிய, உங்கட மனிசனுக்கு நான் சீனியில்லாத் தேத்தண்ணிதான் குடுக்கிறனான்" என்று நானா கும்பிடாத குறையாகச் சொன்னாராம். ஒரு துப்பும் கிடைக்கவில்லை.

நான் வாய் திறக்கவில்லை. பெரிய மர்மங்கள் எல்லாம் இப்படித்தான் உண்டாகின்றன என்று நினைக்கிறேன்.

கடைசி ஞாயிறு. பின்னேரம். நானும் அக்காவும் வற்றாப்பளைக்குப் போனோம். அக்கா பழக்கூடையும் கொண்டுவந்தார். முடிவு நல்லதாக இருந்தால் உடனே கொடுக்க. எனக்குக் கனகருக்குப் பக்கத்துக் கதிரை. அக்கம்பக்கத்துச் சனமும் வந்து நிலத்தில் இருந்தது. அடுப்படிக் குசினி வாசலில் தர்சினி நின்றாள். கனகரின் மனைவி, அதாவது மாமி, தேநீர் கொண்டுவந்தார். எனக்குச் சீனி போட்டது. கனகருக்கு வெறும் கசப்பு. இரண்டும் ஒரே முக்காலியில்.

துப்பறிவாளர் எல்லோரையும் மண்டபத்தில் கூட்டினார். டொக்டரைப் பார்த்தார். இல்லை. சமையல்காரியைப் பார்த்தார். இல்லை. கணக்குப்பிள்ளையைப் பார்த்தார். அவரும் இல்லை. எனக்கு அப்போதுதான் அந்தக் கழித்தல் கணக்கு ஓடியது.

"கொலைகாரன்..." என்று துப்பறிவாளர் கையை நீட்டினார். என் முகம் வந்தது. ரீவிப் பெட்டி முழுக்க.

பிறகு நான் பேசினேன். அதாவது, எனக்காக யாழ்ப்பாணத்தில் யாரோ பேசினார்கள். "ஆம்! நானேதான் கொன்றேன்! இருபது ஆண்டுகளாக என் வமிசம் சுமந்த பழி இன்று தீர்ந்தது!" எனக்கு வமிசம் இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். தொடர்ந்து நான் பயங்கரமாகச் சிரித்தேன். என் இருமலுக்கு மேல் சிரிப்புச் சத்தத்தை ஒட்டியிருந்தார்கள். நன்றாகவே பொருந்தியிருந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு சொல்லை நான் ஒரே நாளில் பேசியதில்லை.

சனம் ரீவியைப் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது. நிலத்தில் இருந்த ஒரு பெண் தன் பிள்ளையை மடிக்கு இழுத்தாள்.

மாமி வந்து கனகரின் கோப்பையை எடுத்து மற்றப் பக்கம் வைத்தார்.

அத்தோடு முடியவில்லை. கொலை நடந்த விதத்தைக் காட்டினார்கள். என் கை. ரின். கரண்டி. இசை. ஒன்று. இரண்டு. மூன்று. யன்னலை நோக்கி ஒரு கொடூரப் பார்வை. (ஆட்டைக் காட்டவில்லை.)

"ஐயோ, நஞ்சைக் குவிச்சுக் குவிச்சுப் போடுறான்" என்றார் அக்கா, தன்னை மறந்து.

"நஞ்சில்லை" என்றார் மாமி. "சீனி."

அவர் ரீவிக்கு முன்னால் வந்து நின்றார். துப்பறிவாளர் அவருக்குப் பின்னால் என்னவோ விளக்கிக்கொண்டிருந்தார். ஒருவரும் கேட்கவில்லை.

"தம்பி, உது சீனிதானே?"

"ஓம்."

"எல்லாக் கோப்பைக்கும் உந்த அளவோ?"

"ஓம்."

"மனிசன் அதைக் குடிச்சவரோ?"

"ஓம்."

"ஆர் போடச் சொன்னது?"

இதற்கு ஓம் சொல்ல முடியாது. கனகரைப் பார்த்தேன். ராசா கூரை முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலால் என் காலை ஒருதரம் தொட்டார். உண்மையைச் சொன்னால் அவர் அந்த வீட்டில் மிச்சக் காலம் எப்படி இருப்பது? சொல்லாவிட்டால் தர்சினி இல்லை. குசினி வாசலைப் பார்த்தேன். அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நானாத்தான் போட்டனான்" என்றேன்.

அக்கா தலையில் அடித்தார். "வாயே திறக்கமாட்டான். திறந்தா உப்பிடி."

மாமி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி. போயிட்டு வாங்கோ" என்றார். கனகர் ஒரு முடிவும் சொல்லவில்லை. பழக்கூடையை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தோம்.

வாசல் படலையில் தர்சினி நின்றாள். அதுவரை அவள் என்னோடு ஒரு சொல் பேசியதில்லை.

"கடைசியில சிரிச்சது, அது சிரிப்பில்லை. இருமல்தானே?"

"ஓம்" என்றேன். அதுவும் வேறு ஓம்தான்.

அந்தக் கிழமை முழுக்க நான் றோட்டில் போனால் பொடியள் விலகி வழி விட்டார்கள். கடைக்குப் போனேன். ரவூப் நானா எழும்பி வந்து கையைப் பிடித்தார். "தம்பி, நீர் என்ர கடையைக் காப்பாத்தினனீர். உமக்குக் காசில்லை, இரும்" என்றார். பிறகு மேசையில் இருந்த சீனிப் போத்தலை எடுத்து மற்ற மேசைக்கு மாற்றினார்.

கஜன் தொலைபேசியில் கூப்பிட்டான். "அண்ணை, குறை நினைக்காதேங்கோ. எல்லாருக்கும் சத்தியம் பண்ணிக் குடுத்திட்டன். நீங்கள் மட்டும்தான் ஒண்டும் கேக்கேல்லை."

"ஓம்" என்றேன். அது உண்மைதானே.

பத்து நாள் வரையில் அக்கா என்னோடு பேசவில்லை. அதாவது, எங்கள் வீட்டில் யாருமே பேசவில்லை. பிறகு ஒரு காலையில் வற்றாப்பளையிலிருந்து ஆள் வந்தது. சம்மதமாம். நாள் பார்க்கட்டாம். அக்கா அந்த ஆளை இரண்டுதரம் திரும்பச் சொல்ல வைத்தார். எனக்கும் விளங்கவில்லை. கனகர் நன்றிக்கடனுக்கு மனைவியோடு போராடி வென்றிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். கனகரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

இப்போது எங்கள் மூத்தவளுக்கு ஏழு வயது. வற்றாப்பளைக்குப் போனால் நான் இன்றைக்கும் குசினிக்குள் போகமுடியாது. சட்டம். மாமா என்னைக் கண்டதும், "கொலைகாரன் வந்திட்டான், எல்லாத்தையும் எடுத்து வையுங்கோ" என்பார். அவருக்குத் தேநீர் வந்தால் முதல் வாய் நான் குடித்துக் காட்டவேண்டும். பள்ளிக்கூடத்தில் அப்பா என்ன செய்கிறார் என்று ரீச்சர் கேட்டதற்கு மகள், "வயல் செய்யிறார். முந்தி அம்மப்பாவைக் கொலை செய்தவர்" என்று சொல்லியிருக்கிறாள். என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். ஓம் என்றேன். அது இன்னும் பிழையாகப் போனது.

போன மாதம் மகள் அந்த நாடகத்தைத் தொலைபேசியில் தேடி எடுத்துவிட்டாள். மாமா வீட்டு விறாந்தையில் எல்லோரும் சுற்றி இருந்து பார்த்தோம். செத்தவீடு வந்தது. அழுகை தொடங்கியது.

"நிப்பாட்டு பிள்ளை" என்றார் மாமி. "கொஞ்சம் பின்னுக்கு விடு. இஞ்சை பார், செத்தாப்பிறகு உன்ர அம்மப்பா என்ன நக்குறார்?"

மகள் சிரித்து உருண்டாள். மாமா முகட்டைப் பார்த்தார்.

"உந்தச் செத்தவீடு போன ஞாயிற்றுக்கிழமையே கண்டனான்" என்றார் மாமி. "சீனி தின்னாமல் உந்த நக்கு வராது. ஆர் கேட்டு வாங்கிக் குடிச்சதெண்டு எனக்குத் தெரியும். குடுத்தது ஆரெண்டுதான் தெரியாமல் கிடந்தது. அதையும் கடைசிப் பாகத்தில காட்டினாங்கள்."

"அப்ப ஏன் என்னை அண்டைக்குக் கேட்டனீங்கள்?" என்றேன். என் கணக்கில் அது நீளமான வசனம்.

மாமி கோப்பைகளை எடுத்து அடுக்கினார். "சொல்லுவீரோ எண்டு பாத்தனான். நீர் சொல்லேல்லை. காட்டிக் குடுக்காத மனிசன் இஞ்சை லேசிலை கிடைக்கிறதோ? அதுதான் பெட்டையைத் தந்தனான்."

மாமாதான் மெதுவாகக் கேட்டார்.

"அப்ப இவ்வளவு காலமும் என்னை ஏன் ஒண்டும் கேக்காமல் சும்மா விட்டனீ?"

"சும்மா விட்டனானோ? அண்டையிலயிருந்து ஒரு கரண்டி சீனி கண்டனீங்களோ?"

மாமி குசினிக்குள் போனார். திரும்பி வந்து, "புது வருசம் வருது. அரைக் கரண்டி போடலாமெண்டு கிளினிக்கில சொன்னவை" என்று ஒரு கோப்பையையும் சீனி ரின்னையும் முக்காலியில் வைத்தார். "நீரே போடும். அளவாப் போடும்." இன்னொரு அலுவலுக்கு வெளியே வளவுக்குப் போனார்.

கரண்டியை எடுத்தேன். மாமா ரீவியில் வந்த மாதிரியே கண்ணை மூடி இருந்தார். முக்காலிக்குக் கீழே, ஒருவருக்கும் தெரியாமல், மூன்று விரல் நீண்டிருந்தது.

போட்டுவிட்டு, யன்னலைப் பார்த்தேன்.